குரு இல்லாத திருச்சபை – 7: விறகுக் கொட்டகை

சென்ற வாரம் ஜோன்ஜு நகரின் கொலைக்களத்தில் நிறுத்தியிருந்தோம். 1791 டிசம்பர் 8 அன்று யுன் ஜி சுங், குவோன் சாங் யோன் என்ற உறவினர் இருவரின் தலை அங்கே விழுந்தது. மூதாதையர் பெயர்ப்பலகைகளை அவர்கள் எரித்துவிட்டார்கள் என்பது குற்றச்சாட்டு.

புதிதாகச் சேர்ந்திருக்கும் வாசகர்களுக்காக முன்கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கொரியாவுக்குக் கிறிஸ்தவத்தை எந்த மிஷனரியும் கொண்டுபோகவில்லை. சீனத்திலிருந்து வந்த புத்தகங்களைப் படித்த சில இளைஞர்கள் தாங்களாகவே தேடிப் போனார்கள். 1784இல் யி சுங் ஹுன் பெய்ஜிங்கில் பேதுரு என்ற பெயரில் ஞானஸ்நானம் பெற்று ஊர் திரும்பித் தன் நண்பர்களுக்கும் ஞானஸ்நானம் கொடுத்தார். மொழிபெயர்ப்பாளர் கிம் போம் ஊவின் வீட்டில் கூடி அவர்கள் செபம் சொன்னார்கள். 1785இல் சூதாட்டம் நடக்கிறது என்று நினைத்துக் காவலர்கள் அந்த வீட்டுக்குள் புகுந்தார்கள். பிரபுக் குலத்துப் பிள்ளைகளை விட்டுவிட்டு, நடுத்தட்டு மனிதரான கிம் போம் ஊவை மட்டும் வதைத்து நாடுகடத்தினார்கள். அவர் திரும்பி வரவில்லை.

குருக்கள் இல்லாத குறையை ஈடுகட்டத் தங்களுக்குள்ளேயே சிலரைக் குருக்களாக நியமித்துப் பூசை வைத்ததையும், அது தகாது என்று பெய்ஜிங் ஆயர் எழுதி நிறுத்தியதையும், மூதாதையர் சடங்கும் கூடாது என்று 1790இல் அவர் அனுப்பிய கட்டளையையும் பார்த்தோம். அந்தக் கட்டளைதான் ஜோன்ஜுவில் இரண்டு உயிர்களைக் கேட்டது.

அரசின் அச்சத்தையும் நாம் புரிந்துகொள்ள வேண்டும். தகப்பனுக்குச் செய்யும் மரியாதைதான் அரசனுக்குச் செய்யும் மரியாதையின் வேர் என்று நம்பிய நாடு ஜோசோன், அதாவது அன்றைய கொரியா. பெயர்ப்பலகை எரிந்தபோது தன் அடித்தளமே எரிவதாக அது நினைத்தது.

ஜோன்ஜுவுக்குப் பிறகு படித்தவர்களில் பலர் விலகினார்கள். யி சுங் ஹுன் உட்பட முதல்வரிசையினர் தள்ளாடினார்கள். அந்த ஆண்டோடு கதை முடிந்திருக்க வேண்டும்.

ஆனால் மூன்றே ஆண்டுகளில் இந்த நாட்டுக்குள் முதன்முதலாக ஒரு குருவானவர் வந்தபோது, சுமார் 4,000 விசுவாசிகள் அவருக்காகக் காத்திருந்தார்கள்.

யார் சேர்த்தது இந்த நாலாயிரம் பேரை?

* * *

நேபோ என்பது கொரியாவின் மேற்குக் கரையோரச் சமவெளி. அந்தப் பகுதியில் 1761இல் காங் வான் சுக் பிறந்தார். தந்தை யாங்பான் என்னும் பிரபுக் குலத்தவர். தாய் அவருக்கு முறைப்படி வாய்த்த மனைவி அல்ல, ஆசைநாயகி. அந்தச் சமூகத்தில் அப்படிப் பிறந்த பிள்ளையின் நெற்றியில் அது சாகும்வரை எழுதியிருக்கும்.

தொக்சான் ஊரைச் சேர்ந்த ஹோங் ஜி யோங் என்பவருக்கு இரண்டாந்தாரமாக அவரை மணமுடித்துக் கொடுத்தார்கள். வீட்டில் மாமியாரும், மூத்தாள் மகன் ஹோங் பில் ஜூவும் இருந்தார்கள்.

மணமாகிச் சில காலத்துக்குள் 'சோன்ஜூ' என்ற சொல் அவர் காதில் விழுந்தது. விண்ணுக்குத் தலைவர் என்று பொருள். விண்ணுக்கும் மண்ணுக்கும் ஒரு தலைவர் என்றால் பெயரே சரியாக இருக்கிறது, பெயர் சரியாக இருக்கும் மதத்தில் போதனையும் சரியாகத்தான் இருக்க வேண்டும் என்று அவர் எண்ணியதாகக் குறிப்பு இருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த குறிப்பு இது. தன் சொந்தப் பிறப்பின் பெயரால் தினமும் அடிபட்ட ஒரு பெண், ஒரு பெயரைக் கொண்டு உண்மையை நிறுத்துப் பார்க்கிறார்.

புத்தகங்களைத் தேடி வாங்கிப் படித்தார். படித்ததை முதலில் மாமியாரிடம் சொன்னார். பிறகு மூத்தாள் மகனிடம் சொன்னார். பிறகு தன்னைப் பெற்றவர்களிடம் சொன்னார். எல்லோரும் ஏற்றுக்கொண்டார்கள்.

கணவர் மட்டும் ஏற்கவில்லை. மனைவி பேசும்போது தலையாட்டுவார். வெளியே யாராவது பழித்தால் அவர்களோடும் தலையாட்டுவார். அவரைக் கோழை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர் பயந்தார், பயப்படக் காரணமும் இருந்தது.

1791இல் அந்தக் காரணம் வாசலுக்கே வந்தது. அண்டை ஊர்களில் விசுவாசிகளைப் பிடித்துச் சிறையில் அடைத்தார்கள். காங் வான் சுக் சோறாக்கி எடுத்துக்கொண்டு சிறைக்குப் போனார். அவரையும் பிடித்து அடைத்து, பிறகு விட்டார்கள்.

கணவர் பிரிந்தார். அந்தப் பெண் தலைநகர் ஹான்யாங்குக்கு, அதாவது இன்றைய சியோலுக்குக் கிளம்பினார். அவரோடு கிளம்பியவர்கள் யார் தெரியுமா? மாமியாரும் மூத்தாள் மகனும்.

பெற்ற மகனை விட்டுவிட்டு மருமகளின் பின்னால் நடந்தாள் ஒரு தாய். தன்னைப் பெறாதவளோடு புறப்பட்டான் ஒரு பையன். அந்தப் பெண் வீட்டுக்குள் எப்படி வாழ்ந்திருப்பார் என்பதற்கு வேறு சான்று எனக்கு வேண்டியதில்லை.

* * *

ஹான்யாங்கில் அப்போது விசுவாசிகளுக்கு ஒரே கனவுதான். குருவானவர் ஒருவர் வேண்டும். பெய்ஜிங்குக்குப் போய்வர ஆளும் பணமும் தேவைப்பட்டன. அந்தச் செலவில் காங் வான் சுக்கும் பங்கு போட்டார்.

1794ஆம் ஆண்டுக் கிறிஸ்துமஸுக்கு முந்திய இரவு. அம்னோக் ஆறு உறைந்து கிடந்தது. பனிக்கட்டியின் மேல் நடந்து ஒரு சீனர் எல்லையைக் கடந்தார். பெயர் ஜோ வென் மோ, ஞானஸ்நானப் பெயர் யாக்கோபு. கொரிய மண்ணில் பணிசெய்ய வந்த முதல் குருவானவர் அவரே. ஜி ஹ்வாங் என்ற விசுவாசி வழிகாட்டி அழைத்துவந்தார்.

தலைநகரில் சோய் இன் கில் என்ற மொழிபெயர்ப்பாளரின் வீட்டில் அவரைத் தங்கவைத்தார்கள். 1795 ஏப்ரல் 5, உயிர்த்தெழுந்த ஞாயிறு அன்று பூசை நடந்தது. பத்தாண்டுகளாகப் புத்தகத்தில் மட்டுமே படித்திருந்ததை அன்று அவர்கள் கண்ணால் கண்டார்கள். காங் வான் சுக் கொலும்பா என்ற பெயரில் ஞானஸ்நானம் பெற்றார்.

இரண்டே மாதங்கள் கழிந்தன. ஹான் யோங் இக் என்பவன் விசுவாசி போல உள்ளே வந்து, குருவின் இருப்பிடத்தையும் தோற்றத்தையும் அறிந்துகொண்டு, மேலிடத்தில் சொல்லிவிட்டான்.

* * *

ஜூன் மாதக் கடைசி. கொரியாவில் மழைக்காலம் தொடங்கும் நேரம்.

காவலர்கள் வருகிறார்கள் என்ற செய்தி முந்திக்கொண்டு வந்தது. குருவானவரை வெளியேற்றிவிட்டார்கள். சோய் இன் கில் மட்டும் வீட்டிலேயே இருந்தார். தலைமுடியைச் சீனர் பாணியில் வெட்டிக்கொண்டார். சீனமொழி அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. கதவை உடைத்து வந்தவர்களிடம் நீங்கள் தேடும் சீனன் நான்தான் என்று நடித்தார்.

அந்த வேடம் வெகுநேரம் நிலைக்கவில்லை. ஆனால் அவர் வாங்கிக் கொடுத்த நேரம் போதுமானதாக இருந்தது.

சோய் இன் கில், ஜி ஹ்வாங், பெய்ஜிங்குக்குக் கடிதம் சுமந்த யுன் யு இல் ஆகிய மூவரும் பிடிபட்டார்கள். குரு எங்கே என்று கேட்டுக் கேட்டு அடித்தார்கள். ஜூன் 28 அன்று அடியிலேயே மூவரும் செத்தார்கள். உடல்களை ஹான் ஆற்றில் எறிந்துவிட்டார்கள்.

அவர்கள் சொல்ல மறுத்த இடம் ஒரு வீட்டின் விறகுக் கொட்டகை.

கொலும்பாவின் வீடு அது.

அவர் குருவை அங்கே ஒளித்துவைத்தது வீட்டில் யாருக்கும் தெரியாது. மாமியாருக்குத் தெரியாது. மகனுக்கும் தெரியாது. ஒரு மாதம், இரண்டு மாதம், மூன்று மாதம். வெளியே மழை. விறகுக் கட்டுகளுக்கு நடுவில் மொழி சரியாகத் தெரியாத ஓர் அந்நியர். தினமும் சோற்றை மறைத்து எடுத்துக்கொண்டு போகும் ஒரு பெண்.

அடுப்படியில் ஒருவருக்கு அதிகமாக உலை வைத்தால் கண்டுபிடிக்கத் தெரியாத மாமியார் உலகத்தில் உண்டா? மூன்று மாதம் அவர் எப்படிச் சமாளித்தார் என்று பலமுறை யோசித்திருக்கிறேன். தன் பங்கைத்தான் கொடுத்திருப்பார் என்று தோன்றுகிறது.

குளிர்காலம் நெருங்கியது. கொட்டகையில் இனி மனிதர் இருக்க முடியாது. மாமியாரின் சம்மதம் இல்லாமல் உள்கட்டுக்குள் ஓர் ஆண் காலடி வைக்கவும் முடியாது.

கொலும்பா சாப்பிடுவதை நிறுத்தினார். தூங்கவும் இல்லை. அழுதுகொண்டே இருந்தார்.

மாமியார் பயந்துபோனார். மகன் போனபின் அந்தக் கிழவிக்கு இருந்த ஒரே துணை இந்த மருமகள். என்ன துயரம் என்று கேட்டார்.

நம் ஆன்மாக்களுக்காக உயிரைப் பணயம் வைத்து வந்தவர் தலைசாய்க்க இடமில்லாமல் அலைகிறார், எனக்கு எப்படிச் சோறு இறங்கும் என்றார் மருமகள். ஆண்வேடம் போட்டுக்கொண்டு அவரைத் தேடிப் போகப் போவதாகவும் சொன்னார்.

நீ போனால் எனக்கு யார் இருக்கிறார்கள், நானும் உன்னோடு வருவேன் என்றார் கிழவி.

அந்த இடத்தில்தான் கொலும்பா கேட்டார். அவர் நம் வீட்டு வாசலுக்கே வந்தால் உள்ளே விடச் சம்மதிப்பீர்களா?

சம்மதம் என்றார் மாமியார்.

மருமகள் எழுந்து விறகுக் கொட்டகைக்குப் போனார்.

* * *

ஒரு கிழவியின் 'சம்மதம்' என்ற அந்தச் சொல் அடுத்த ஆறு ஆண்டுகளைத் தீர்மானித்தது.

ஜோசோன் நாட்டு வழக்கப்படி, ராஜத்துரோகம் போன்ற பெருங்குற்றம் இல்லாத வரை பிரபுக் குலத்து வீட்டின் உள்கட்டுக்குள் காவலர்கள் நுழைவதில்லை. பெண்களைப் பொதுவாழ்வுக்கு வெளியே பூட்டிவைத்த அதே சுவர், குருவானவருக்குக் கோட்டையாயிற்று. தலைநகரெங்கும் அவரைத் தேடினார்கள். அவரோ பெரும்பாலும் அந்த வீட்டில்தான் இருந்தார்.

கொலும்பாவை அவர் பெண்களுக்கு உபதேசியாராக நியமித்தார். நம் தென்மாவட்டக் கிராமங்களில் வளர்ந்தவர்களுக்கு உபதேசியார் என்றால் யாரென்று தெரியும். குருவானவர் வராத ஊரில் செபம் சொல்லித் தருபவர், நோயாளியைப் பார்க்கப் போகிறவர், சாவு வீட்டில் முதலில் வந்து நிற்பவர். கொலும்பா அந்த வேலையை ஒரு தலைநகரத்துக்கே செய்தார்.

பெரிய வீட்டுப் பெண்கள் வந்தார்கள். சட்டத்தின் கை தங்கள் உள்கட்டுக்கு நீளாது என்பதால் அவர்களுக்கு அச்சம் குறைவு. அவர்களோடு வந்த வேலைக்காரிகளும் கேட்டார்கள். விதவைகளும் அநாதைகளும் அவர் வீட்டில் தங்கினார்கள். கன்னியராக வாழ விரும்பிய பெண்கள் சிலரும் சேர்ந்து வாழ்ந்தார்கள்.

முன் யோங் இன் என்ற இளம்பெண் ஏழு வயதில் அரண்மனைச் சேவைக்குப் போனவர். நோய் வந்து வெளியே அனுப்பப்பட்டவர். விசுவாசத்தைக் கேட்டு, ஏற்று, விவியானா என்ற பெயரோடு கொலும்பாவின் வட்டத்துக்கு வந்து சேர்ந்தார். மறுகோடியில், அரசனின் மாற்றாந்தாய் வழிச் சகோதரரான ஊனோன் இளவரசரின் மனைவியும் மருமகளும் இருந்தார்கள். இளவரசர் தீவொன்றில் நாடுகடத்தப்பட்டிருக்க, இடிந்த மனதோடு ஒரு பாழ் அரண்மனையில் அவர்கள் வாழ்ந்துவந்தார்கள். அங்கேயும் கொலும்பா போனார். இருவரும் மரியா என்ற பெயரோடு ஞானஸ்நானம் பெற்றார்கள்.

ஆண்கள் பக்கத்தில் இதே வேலையை ஜோங் யாக் ஜோங் செய்தார். அகுஸ்தீன் என்பது அவருடைய ஞானஸ்நானப் பெயர். கன்பூசிய நூல்களில் கரைகண்ட குடும்பம். ஆனால் அவர் எழுதிய 'ஜூக்யோ யோஜி' என்ற விளக்கநூல் அறிஞர்களின் சீன எழுத்தில் இல்லை. பெண்களும் எளியவர்களும் படிக்கும் ஹங்குல் எழுத்தில் இருந்தது. அறிஞர்கள் இழிவாக நினைத்த எழுத்து அது. கையால் படி எடுத்து, மடித்து, உடைக்குள் செருகிக்கொண்டு போகலாம். இந்தத் தொடரில் ஒரே ஒரு புத்தகத்தை நினைவில் வைத்துக்கொள்வதானால் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

ஹ்வாங் இல் குவாங் கசாப்புக்காரர். ஜோசோனில் அந்தத் தொழில் செய்தவர்கள் தீண்டத்தகாதவர்களாக ஒதுக்கப்பட்டவர்கள். விசுவாசிகளின் வீட்டில் யாங்பான்கள் அவரைத் தங்களோடு உள்ளே உட்காரவைத்தார்கள். எனக்கு மோட்சம் இரண்டு இருக்கிறது, ஒன்று இங்கே, மற்றது செத்தபின் என்று அவர் சொல்லிக்கொண்டு திரிந்தாராம். எந்தப் பிரசங்கமும் செய்ய முடியாததை அந்த ஒரு பாய் செய்துவிட்டது.

நாலாயிரம் பேர் 1800 வாக்கில் பத்தாயிரம் பேர் ஆனார்கள். நாடு முழுவதற்கும் குருவானவர் ஒருவர்தான், அவரும் ஒளிந்திருந்தவர். மீதியை அடுப்படியிலும் மருந்துக்கடையிலும் கிணற்றடியிலும் மனிதர்கள் மனிதர்களிடம் சொன்னார்கள்.

* * *

1800இல் அரசர் ஜோங்ஜோ இறந்தார்.

அவர் விசுவாசிகளின் நண்பர் அல்ல. ஆனால் பெரிய வேட்டை எதையும் அவர் விரும்பியதில்லை. அடுத்து அரியணை ஏறியவர் சிறுவன். திரைக்குப் பின்னாலிருந்து ஆண்டவர் மூத்த அரசி ஜோங்சுன். அவரைச் சூழ்ந்திருந்த கட்சிக்கு எதிர்க்கட்சியை ஒழிக்க ஒரு காரணம் தேவைப்பட்டது. எதிர்க்கட்சியில் விசுவாசிகளும், அவர்களின் உறவினர்களும் இருந்தார்கள்.

1801 பிப்ரவரி 2. மெழுகுதிரித் திருநாள். தெருவோர மருந்துக்கடை ஒன்றில் சிலர் விடியற்காலையில் கூடி செபம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். வெளியே போன காவலர்கள் உள்ளே எழுந்த ஓசையைச் சூதாட்டம் என்று நினைத்துக் கதவை உடைத்தார்கள்.

1785இல் கிம் போம் ஊவின் வீட்டிலும் இதே தவறுதான் நடந்தது. பதினாறு ஆண்டுகள் கழித்து மறுபடியும்.

பிப்ரவரி 22 அன்று அரசியின் ஆணை வெளிவந்தது. ஐந்து வீடுகளை ஒரு கட்டாகக் கட்டி, ஒரு வீட்டில் விசுவாசி இருந்தால் மற்ற வீடுகளும் பதில்சொல்ல வேண்டும் என்றது அந்த ஆணை. அதன் கொடுமையை நிதானமாக யோசித்துப் பாருங்கள். அண்டைவீட்டாரிடம் சொல்லித்தான் இந்த விசுவாசம் பரவியது. இப்போது அண்டைவீட்டார்தான் காட்டிக்கொடுக்க வேண்டும்.

ஏப்ரல் 6 அன்று கொலும்பாவைப் பிடித்தார்கள்.

இரண்டு நாள் கழித்து யி சுங் ஹுன், ஜோங் யாக் ஜோங் முதலியவர்களின் தலைகள் தலைநகரின் மேற்குச் சிறுவாசலுக்கு வெளியே விழுந்தன.

* * *

குரு எங்கே?

கால்களுக்கிடையே கழிகளைச் செருகி நெம்பும் வதையைக் கொலும்பாவுக்கு ஆறுமுறை செய்தார்கள். அவர் சொல்லவில்லை. விசாரித்தவர்களிடம் கன்பூசிய நூல்களையே எடுத்துக்காட்டி விண்ணுக்குத் தலைவர் ஒருவர் உண்டென்று வாதாடினார் என்றும், அவரது கல்வியைக் கண்டு அவர்கள் வியந்தார்கள் என்றும் குறிப்புகள் சொல்கின்றன.

வீட்டு வேலைக்காரி ஒருத்தி வதை தாங்காமல் உண்மையைச் சொல்லிவிட்டாள். அவளைக் குறைசொல்ல நாம் யார்?

ஜோ வென் மோ அதற்குள் வடக்கு எல்லையை நோக்கிப் போய்விட்டிருந்தார். ஆற்றைக் கடந்தால் அவரது சொந்த நாடு. எல்லைக்கு அருகில் நின்று அவர் திரும்பினார். தன்னைத் தேடித்தான் இத்தனை பேரை வதைக்கிறார்கள் என்பது அவருக்குத் தெரியும். ஏப்ரல் 24 அன்று தலைநகருக்கு வந்து, நீங்கள் தேடும் ஆள் நான்தான் என்று விசாரணை மன்றத்தின் முன் நின்றார். ஆறு ஆண்டுகளுக்கு முன் சோய் இன் கில் அவருக்காகப் பொய்யாகச் சொன்னதை இப்போது அவர் உண்மையாகச் சொன்னார்.

பாழ் அரண்மனையின் இரண்டு மரியாக்களுக்கும் நஞ்சு கொடுக்கப்பட்டது. மே 31 அன்று ஹான் ஆற்றங்கரை மணலில் குருவின் தலையை வெட்டினார்கள்.

செய்தி சிறைக்குள் வந்தது. கொலும்பா தன் பாவாடைத் துணியில் ஒரு பகுதியைக் கிழித்தார். குருவானவர் இந்த நாட்டில் செய்ததையெல்லாம் அதில் எழுதினார். வதைபட்ட உடம்போடு எழுதினார். யாரும் அறியாமல் ஒரு விசுவாசப் பெண்ணிடம் அதைக் கொடுத்தனுப்பினார்.

ஜூலை 2. விவியானா உட்பட நான்கு பெண்களோடு அவரை வண்டியில் ஏற்றிக் கொண்டுபோனார்கள். தலைவெட்டும்முன் உடையைக் களைவது அங்கே வழக்கம். நாங்கள் பெண்கள், உடுத்தபடியே சாகவிடுங்கள் என்று அதிகாரியிடம் சொல்லியனுப்பினார் கொலும்பா. அனுமதி வந்தது. சிலுவை அடையாளம் வரைந்துகொண்டு, மற்றவர்களுக்கு முன்னால் தன் கழுத்தை நீட்டினார்.

மூத்தாள் மகன் ஹோங் பில் ஜூவும் அதே ஆண்டு அக்டோபரில் வேதசாட்சியாக மரித்தார். 2014 ஆகஸ்ட் 16 அன்று சியோலில் போப் பிரான்சிஸ் முத்திப்பேறு பெற்றவர்களாக அறிவித்த 124 பேரில் தாயும் இருக்கிறார், மகனும் இருக்கிறார்.

* * *

அந்தப் பாவாடைத் துணி என்ன ஆயிற்று?

வாங்கிக்கொண்ட பெண்ணிடமிருந்து அது தொலைந்துபோனது. கொரியாவின் முதல் குருவானவரைப் பற்றி, அவரை ஆறு ஆண்டுகள் அருகிலிருந்து பார்த்த பெண் தன் கையால் எழுதியது நமக்குக் கிடைக்கவில்லை.

கிடைத்தது வேறொரு துணி. கொலும்பா இறந்த அதே ஆண்டில், பேரோன் என்ற மலைக்கிராமத்தில், பானை வனைபவர்கள் நடுவே ஒரு நிலக்குகையில் 26 வயது இளைஞர் ஒருவர் ஒளிந்திருந்தார். பெயர் ஹ்வாங் சா யோங். 62 சென்டிமீட்டர் நீளமும் 38 சென்டிமீட்டர் அகலமும் உள்ள வெண்பட்டில் 13,000க்கும் மேற்பட்ட எழுத்துகளை அவர் பொடிப்பொடியாக எழுதினார். பெய்ஜிங் ஆயருக்கான கடிதம் அது. கொலும்பாவைப் பற்றி இன்று நான் சொன்னவற்றில் ஒரு பகுதி அந்தப் பட்டிலிருந்து வந்ததுதான்.

அந்தப் பட்டு பெய்ஜிங் போய்ச் சேரவில்லை. அரசின் கையில் சிக்கியது. அதில் ஆயரிடம் அவர் வைத்திருந்த ஒரு வேண்டுகோளைப் படித்த பிறகு, விசுவாசிகளை நாட்டுத் துரோகிகள் என்றே அரசு பேசத் தொடங்கியது.

ஹ்வாங் சா யோங் அப்படி என்ன கேட்டார்?

(அடுத்த வாரம்)